ஜெரோனிமோ இறக்கம்

ஒரு வீதிக்கோ ஒழுங்கைக்கோ பேருந்துத் தரிப்பிடத்துக்கோ ஒருவருடைய பெயரைச் சூட்டுவதானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒன்று, அவர் காலமாகியிருக்க வேண்டும். இரண்டு, அவர் அந்தப் பிரதேசத்துக்கு ஆற்றிய சேவை எழுத்தில் காட்டப்பட வேண்டும். மூன்று, அவருடைய வாரிசுகளான உரித்தாளர்களின் எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட வேண்டும். இவை மூன்றுக்குமான பத்திரங்கள் அலுவலகக் கோவையில் இல்லாத பெயர் பதிவேட்டில் ஏறாது.

இந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும். எழுதியவன் நான்.

நான் எங்கள் பிரதேச சபையின் செயலாளராக இருந்த காலத்தில், ஒருவர் தன் தகப்பனாரின் பெயரை ஒழுங்கைக்கு வைத்துத் தரும்படி கேட்டார். சபை தீர்மானம் நிறைவேற்றியது. பலகை நடப்பட்டது. திறப்பு விழாவுக்கு மாலையும் வந்துவிட்டது. அப்போது அந்தத் தகப்பனார் சைக்கிளில் வந்து இறங்கி, தன்னைக் கேளாமல் தன் பெயரை நட்டது யார் என்று விசாரித்தார். மாலை வீணாகவில்லை, அவருக்கே போட்டோம். அடுத்த கிழமை நான் உட்கார்ந்து மூன்று நிபந்தனைகளையும் எழுதினேன். சபை ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டது. யாரும் வாசிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதில் நான் சொல்லப்போவது ஒரேயொரு மனிதருடைய பெயரைப் பற்றி. வேறு எவருடைய பெயரும் வராது. ஒரு பெயரோடு பட்ட பாடு போதும்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், தர்மபுரம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், ஒரு சிறிய குளத்தின் கட்டு வீதியைத் தொட்டுக்கொண்டு வருகிறது. தொடும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை. கடைக்கு முன்னால் உட்கார ஒரு வாங்கு, ஒரு வேப்பமரம், மரத்தில் சாய்த்துவைத்த சைக்கிள்கள். அவற்றில் ஒன்று என்னுடையது. ஓய்வு பெற்ற பிறகு காலை எட்டு மணிக்கு ஒரு பிளேன்ரீயும் பத்திரிகையும் அங்கேதான். எட்டேகாலுக்குக் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு போகும் அரச பேருந்து வரும். அதன் நடத்துனர் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கர். ஐந்து தலைமுறையாகக் கடலில் கூவிப் பழகிய குரல்.

"ஜெரோனிமோ! ஜெரோனிமோ! குதிக்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ!"

புதிதாக அந்த வழியால் போகிறவர்கள் இதைக் கேட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிப்பார்கள். வழக்கமானவர்கள் சிரித்துக்கொண்டு இறங்குவார்கள். அந்த இடத்தின் பெயர் அதுதான். வேறு பெயர் அதற்கு இருந்ததில்லை. இருந்ததெல்லாம் ஓர் இலக்கம்.

அந்த இலக்கத்தின் கதையைக் கடைக்கார அம்மா வாயால் கேட்க வேண்டும். அவருடைய தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் இங்கேயே பிறந்தவர். சாதாரண நேரத்தில் எங்களைப் போலவே கதைப்பார். கோபமோ சந்தோசமோ தலைக்கேறினால் தாயின் தமிழ் வந்துவிடும். எந்தத் தமிழில் பேசுகிறார் என்று பார்த்து நான் வாங்கில் உட்காருவதா சைக்கிளை எடுப்பதா என்று தீர்மானிப்பேன்.

போர் முடிந்து மீளக் குடியேறிய காலத்தில் அந்தக் குளக்கட்டு முழுவதும் மிதிவெடி. அகற்ற வந்த அணியில் இந்த ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கடைக்கார அம்மா. கனத்த அங்கியும் முகத்தை மூடும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வன்னி வெயிலில், முழங்காலில் நின்று, மண்ணைச் சாண் சாணாகக் கிண்டிப் பார்க்கிற வேலை. பதினொரு மாதம். தண்ணீர் ஐந்தடி தள்ளித்தான் கிடந்தது. ஒருவரும் ஒரு விரல் நனைத்ததில்லை. மேற்பார்வையாளர் ஒரு வெள்ளைக்காரர். முன்பு விமானத்திலிருந்து பரசூட்டில் குதிக்கும் படையில் இருந்தவர். எந்த நாடு என்று கேட்டால், "வெள்ளைக்காரன்தான் ஐயா" என்பதோடு கடைக்கார அம்மாவின் புவியியல் முடிந்துவிடும்.

கடைசி நாள், துப்புரவான கட்டின் மேல் அணி முழுவதும் வரிசையாக நடந்து காட்டியது. அப்படித்தான் ஒப்படைப்பது. சுத்தம் செய்தவர்களே முதலில் நடக்க வேண்டும். நடந்து முடிந்ததும், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையையும் அதன் கீழ் இலக்கம் எழுதிய பலகையையும் கடைக்கார அம்மா பிடுங்கி எடுத்தார். வெள்ளைக்காரர் சப்பாத்துக்களைக் கழற்றி, இரண்டையும் சோடியாக ஒழுங்காக வைத்துவிட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கட்டின் மேல் ஏறி நின்றார். இரண்டு கைகளையும் விரித்து, "ஜெரோனிமோ!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டுக் குளத்துக்குள் பாய்ந்தார்.

"நாங்க பன்னெண்டு பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறோம் ஐயா," என்று அவர் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். "அவரு மேல வந்து தண்ணிய துப்பிட்டு சிரிக்கிறாரு. எனக்கு என்னா வந்துச்சோ தெரியல. அங்கிய கழட்டிப் போட்டேன். நானும் அதே மாதிரி கத்திக்கிட்டு குதிச்சேன். நான்தான் ரெண்டாவது. இத யாரும் மறக்கக் கூடாது."

யாரும் மறக்க அவர் விட்டதில்லை. அன்று பின்னேரம் ஊர் முழுவதும் குதித்தது. அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அந்த ஊருக்குப் புதிதாக வாழ வருகிறவர், மணமகளோ மருமகனோ மாற்றலாகி வந்த உத்தியோகத்தரோ, துருசுக் கட்டிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் குதித்தே ஆகவேண்டும். குதிக்காதவருக்கு ஊரில் தேநீர் கிடைக்கும், மரியாதை கிடைக்காது. பாடசாலைக்கு வந்த பெண் அதிபர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்தபடி குதித்தார். அந்த வருடம் முழுவதும் பிள்ளைகள் அவர் சொல்லை மீறவில்லை.

நான் குதிக்கவில்லை. முதல் வருடம் இரத்த அழுத்தம் என்றேன். இரண்டாம் வருடம் வைத்தியரின் கடிதம் காட்டினேன். பிறகு, என்னுடைய நிரந்தர முகவரி பதிவேட்டின்படி மாங்குளம் என்றும், ஆகவே நான் இந்த ஊருக்கு வாழ வந்தவன் என்ற வரைவிலக்கணத்துக்குள் அடங்கமாட்டேன் என்றும் விளங்கப்படுத்தினேன். கடைக்கார அம்மா தேநீரை வைத்துவிட்டு, "மாங்குளத்து ஐயாவுக்கு சீனி போதுமோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து என் பெயர் அதுவாயிற்று.

பிரச்சினை மார்கழி மாதம் வந்தது. எட்டேகால் பேருந்து வழக்கம்போல நின்றது. ஆனால் நடத்துனர் கூவாமல் இறங்கி வந்தார். கையில் சாலையிலிருந்து, அதாவது பேருந்து டிப்போவிலிருந்து, வந்த அறிவித்தல். இனிமேல் பேருந்துகள் அந்தந்தப் பிரதேச சபையின் பதிவேட்டில் பெயருள்ள தரிப்பிடங்களில் மட்டுமே நிற்கும். பெயரில்லாத இடங்களில் நிறுத்தினால் நடத்துனரும் சாரதியும் விளக்கம் எழுத வேண்டும். எங்களுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பதிவான தரிப்பிடம் ஒன்றரைக் கிலோமீற்றர். அந்தப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூட.

கடைக்கார அம்மா வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"பஸ் நிக்காட்டி ஆர் வருவினம் இஞ்சை?" என்றார். பிறகு தமிழ் மாறியது. "ஐயா, நான் முழங்கால்ல நின்னு தொறந்துவிட்ட எடம் இது. கடைசியா எடுத்த வெடி இந்த அடுப்பு இருக்கிற எடத்துல இருந்துச்சு. அதான் இங்க கட போட்டேன். ஆளுங்க வந்து எறங்கணும், ஒக்காரணும், சாப்பிடணும்னுதான் போட்டேன். இப்ப பஸ்ஸு சும்மா பறந்து போகுமா?"

"பேர் பதிஞ்சாச் சரி அக்கா," என்றார் நடத்துனர். "பதிவிலை இல்லாததுதானே பிரச்சினை. ஐயா இருக்கிறார்தானே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பத்திரிகையை மடித்தேன். அந்த மூன்று நிபந்தனைகளும் என் கண்முன் வந்து வரிசையாக நின்றன.

"பிள்ளை, முதலிலை ஒண்டு சொல்லுங்கோ," என்றேன். "ஜெரோனிமோ எண்டது ஆர்?"

அத்தனை வருடம் அந்தப் பெயரில் குதித்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வெள்ளைக்காரரின் தாயின் பெயர் என்றார் கடைக்கார அம்மா. அவருடைய நாயின் பெயர் என்று வாங்கின் மறுகோடியிலிருந்து ஒருவர் சொன்னார்.

நடத்துனர் மட்டும் பலமாகத் தலையை ஆட்டினார். "உது எங்கட புனிதரின்ரை பேர் ஐயா. புனித ஜெரோம். போர்த்துக்கீசர் காலத்திலை அவரை அப்பிடித்தான் சொல்லுறது. என்ரை சித்தப்பாவுக்கும் உந்தப் பேர்தான். செப்டெம்பர் முப்பது அவற்றை திருநாள், சித்தப்பா வீட்டிலை ஒரே கொண்டாட்டம். ஆனா ஒண்டு, சித்தப்பா வள்ளத்திலையிருந்து கடலுக்கை குதிக்கேக்கை ஒண்டும் சொல்லுறேல்லை. பேசாமல்தான் குதிக்கிறவர்."

சாரதி ஹோர்ன் அடித்தார். நடத்துனர் ஓடினார். நான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் தேடினேன். இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் வாங்கில் உட்கார்ந்து அறிக்கை சமர்ப்பித்தேன்.

ஜெரோனிமோ அமெரிக்காவில் அப்பாச்சே இனத்துத் தலைவர்களில் ஒருவர். அப்பாச்சே என்ற சொல்லை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. கிளிநொச்சி இளைஞர்களில் பாதிப் பேர் அந்தச் சொல் எழுதிய மோட்டார் சைக்கிளில்தான் என்னைத் தெருவோரத்துக்கு ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். அவருடைய சொந்தப் பெயர் வேறு. கொட்டாவி விடுகிறவர் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். மெக்சிக்கோப் படையினர்தான் அவரை ஜெரோனிமோ என்று அழைத்தார்கள். அவர் பாய்ந்து வரும்போது பயந்துபோய்த் தங்கள் புனிதரைக் கூப்பிட்டுக் கத்தினார்கள், அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது என்று ஒரு கதை. ஆக நடத்துனர் சொன்னதும் பிழையில்லை. ஒரு புனிதருடைய பெயர் எதிரிகளின் வாயால் ஒரு வீரருக்குப் போய், வீரரிடமிருந்து பரசூட் படையினருக்குப் போயிருக்கிறது. அந்தப் படையினர் முதன்முதல் குதிக்கப் பழகிய நாட்களில், பயமில்லை என்று காட்ட அவர் பெயரைக் கத்திக்கொண்டு குதித்தார்களாம். அங்கிருந்து எங்கள் துருசுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் அந்தப் பெயரில் சின்னச் சின்ன ஊர்கள்கூட இருக்கின்றன.

"அப்ப பெரிய ஆள்தான்," என்றார் கடைக்கார அம்மா திருப்தியோடு.

"ஓம். கடைசியிலை பிடிச்சுப்போட்டாங்கள். இருபது வருசத்துக்கு மேலை கைதி. கைதியாய்க் கிடக்கேக்கையே கண்காட்சிகளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாங்கள். சனம் பாக்க வரும். அவர் தன்ரை கோட்டுப் பொத்தானை அறுத்து விப்பாராம். ரயில் அடுத்த ரேசனுக்குப் போக முந்தி வேறை பொத்தான் தைச்சுப்போடுவாராம்."

வாங்கு முழுவதும் சிரித்தது. கடைக்கார அம்மா சிரிப்பு அடங்குமுன் கேட்டார். "ஊருக்குப் போக விட்டாங்களோ?"

"இல்லை. ஜனாதிபதியை நேரை கண்டு கேட்டவர். விடேல்லை. அங்கையே செத்துப்போனார்."

அந்த வாங்கில் இருந்தவர்களில் ஊருக்குத் திரும்பிப் போக அனுமதி கேட்டு மனு எழுதாதவர் எவரும் இல்லை. மலைநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எந்த ஊருக்குத் திரும்புவது என்பதே ஒரு தனிக் கேள்வி.

"அவங்க ஊருலதான் விடல," என்றார் கடைக்கார அம்மா. "இங்க பஸ்ஸுலேந்து எறங்கட்டும். எழுதுங்க ஐயா."

பிரதேச சபையில் இப்போதைய செயலாளர், முன்பு என் கீழ் எழுதுவினைஞராக இருந்தவர். என்னிடம் திட்டு வாங்கியே கோவை பேணப் பழகியவர். நான் விண்ணப்பத்தை நீட்டியதும் வாசித்தார். கதிரையில் சாய்ந்தார். அவர் முகத்தில் பரவிய சந்தோசத்தை மறைக்க எந்த முயற்சியும் செய்யவில்லை.

"சேர், உரித்தாளர் சம்மதம் வேணும். நீங்கள் எழுதின விதிதான்."

"தெரியும் பிள்ளை."

"ஒரு காற்புள்ளியும் மாத்தேல்லை."

"அதுவும் தெரியும்."

அவர் கெட்டிக்காரி, இரக்கமும் உள்ளவர். ஒரு சுலபவழி சொன்னார். ஆளின் பெயர் வைத்தால்தானே நிபந்தனை? இலக்கம் கொடுத்தால் ஒரு கேள்வியும் இல்லை. ஏழாம் இலக்கத் தரிப்பிடம் என்று அன்றைக்கே பதிந்து தந்துவிடலாம். எனக்கும் அது சரியாகப்பட்டது. நாற்பது வருடம் இலக்கங்களோடு வாழ்ந்தவனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நல்ல செய்தியோடு கடைக்குப் போனேன்.

"இலக்கமா?" என்றார் கடைக்கார அம்மா. நான் சைக்கிளின் பக்கம் பார்த்தேன். "இலக்கம் போட்ட பலகயத்தான் ஐயா நான் புடுங்கி எறிஞ்சேன். பதினோரு மாசமா ஆபீசுல இந்த எடத்துக்கு இலக்கந்தான். காலையில வந்து, இன்னைக்கு எத்தனையாம் இலக்கம்னு கேட்டுத்தான் முட்டி போடுவோம். திரும்ப இலக்கம் போட்ட பலகய இங்க நட்டா நான் என்னா நினைப்பேன்? அந்த எடத்துல கால் வைப்பேனா?"

விண்ணப்பப் படிவத்தை எடுத்து அவருடைய மேசையில், மாப் படாத பக்கமாக விரித்தேன்.

காலமானதற்கான சான்று: கல்லறையின் படம் இணைக்கப்பட்டுள்ளது. இது சுலபம். கைதியாக இறப்பவருக்குப் பத்திரங்கள் ஒழுங்காக இருக்கும்.

பிரதேசத்துக்கு ஆற்றிய சேவை: இதில் பேனை நின்றுவிட்டது. கடைக்கார அம்மா யோசிக்கவே இல்லை. "எனக்கு தைரியம் குடுத்தாருன்னு எழுதுங்க. அந்த பேர சொல்லலன்னா நான் குதிச்சிருக்க மாட்டேன்." நான் அதை நிர்வாகத் தமிழுக்கு மாற்றினேன். பிரதேச மக்கள் நீர்நிலையை மீண்டும் அச்சமின்றிப் பயன்படுத்த ஊக்கமளித்தமை. அவர் எட்டிப் பார்த்து, "நான் சொன்னதுதான் நல்லா இருந்துச்சு," என்றார். இப்போது யோசித்தால் அது உண்மைதான்.

நிரந்தர வதிவிடம்: கோரினார், வழங்கப்படவில்லை. இந்த வரியைச் செயலாளர் வாசித்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார்.

பிறகு உரித்தாளர்களுக்குக் கடிதம். அமெரிக்காவில் அவருடைய மக்களின் அலுவலகம் ஒன்றின் முகவரியைக் கண்டுபிடித்து ஆங்கிலத்தில் எழுதினேன். 'தங்களுக்கு எழுதும்படி பணிக்கப்பட்டுள்ளேன்' என்று பழக்கத்தில் தொடங்கிவிட்டேன். பணித்தவர் பக்கத்தில் வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்தார். தைப்பொங்கல் கழிந்த கிழமை கிளிநொச்சித் தபாலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

அதோடு, என் சேவைக்காலம் முழுவதும் பிறருக்கு எதிராக மட்டுமே பயன்படுத்திய ஒரு முறையை முதற்தடவையாக நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினேன். ஒரு விடயம் கடிதத் தொடர்பில் இருக்கும்வரை இருக்கிற நிலைமையை மாற்றக் கூடாது. அலுவலகங்கள் உறங்குவது இந்தத் தலையணையில்தான். விடயம் உரித்தாளர்களுடன் கடிதத் தொடர்பில் உள்ளது, பதில் கிடைக்கும்வரை தற்போதுள்ள ஒழுங்கு தொடரலாம் என்று செயலாளர் சாலைக்கு எழுதினார். சாலை ஏற்றுக்கொண்டது. எட்டேகாலுக்குப் பேருந்து நின்றது. நடத்துனர் முன்னிலும் பலமாகக் கூவினார்.

மாசி போனது, பங்குனி போனது. இரண்டு மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். பதில் வராத ஒவ்வொரு நாளும் பேருந்து நின்ற நாள். இப்படி ஒரு தாமதத்தை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை. காலையில் பத்திரிகையை விரித்து, தபால் வரவில்லை என்று அறிந்து, நிம்மதியாகத் தேநீர் குடிப்பது எவ்வளவு சுகம்!

"அப்ப நினைவூட்டல் எதுக்கு ஐயா அனுப்புறீங்க?" என்று கடைக்கார அம்மா கேட்டார். "சும்மா கிடக்க விடலாமே."

"முறை அப்பிடி பிள்ளை."

"மாட்டோம்னு எழுதிட்டாங்கன்னா?"

அதுதான் கேள்வி. மாட்டோம் என்று வந்தால் கடிதத் தொடர்பு முடியும். பேருந்து நிற்காது. கேட்டிராவிட்டால் ஒருவரும் மறுத்திருக்க முடியாது. ஆனால் நான் இரண்டு நாள் தேடி வாசித்ததில் ஒன்று மனதில் நின்றது. ஊர்களுக்கு அந்தப் பெயரை வைத்தவர்களும் சரி, அதைக் கத்திக்கொண்டு விமானத்திலிருந்து குதித்தவர்களும் சரி, யாரும் யாரையும் கேட்டதாக எங்கும் காணவில்லை. எங்களுடைய துருசுக் கட்டிலும் யாரும் கேட்கவில்லை. சைக்கிளில் வந்து இறங்கிய அந்தத் தகப்பனாரை நினைத்துக்கொண்டேன். இவரால் அப்படி வந்து கேட்க முடியாது. அதனால் நாங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். இதைக் கடைக்கார அம்மாவிடம் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. அனுப்புங்கோ. ஆனா ஒண்டு. ஓம் எண்டு வந்தால் மாங்குளத்து ஐயாவும் குதிக்கோணும்."

பதில் வரப்போவதில்லை என்ற உறுதியில் ஒப்புக்கொண்டேன்.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தது. குளம் வற்றிச் சுருங்கிக் கிடந்தது. ஒரு காலை பேருந்து கூவலோடு வந்தது, ஆனால் கூவியது நடத்துனர் மட்டுமல்ல. கதவடியில் அவருக்குப் பக்கத்தில் பிரதேச சபைச் செயலாளர் ஒரு நீண்ட உறையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அலுவலக நேரத்தில், அலுவலக வாகனம் இல்லாமல், விடுப்பு விண்ணப்பமும் இல்லாமல். நான் அதைக் கவனித்தேன்.

"சேர், உங்கட பேருக்கு வந்திருக்கு. நான் உடைக்கேல்லை."

சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். பேருந்திலிருந்தவர்கள் யன்னலால் தலையை நீட்டினார்கள். "என்ன கதை, என்ன கதை?" என்று பின் இருக்கையிலிருந்து கேட்டார்கள். நடத்துனர் சுருக்கமாக விளங்கப்படுத்தினார்: "கல்யாணம் பேசின இடத்திலையிருந்து மறுமொழி வந்திருக்கு!" கடைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.

ஒரேயொரு பக்கம். எழுதியவர் ஒரு பெண். அவரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர். அந்த அலுவலகத்துக்கு உதவிக்குப் போகிறவர். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தாமதத்துக்கு வருந்துகிறார். இதைத் தனியே தீர்மானிக்க முடியாததால் குடும்பத்துப் பெரியவர்கள் கூடும்வரை காத்திருந்தார்களாம். பெயர் வைத்த பிறகு தெரிந்துகொள்வதுதான் தங்களுக்குப் பழக்கம் என்றும், வைக்க முன்னர் கேட்டு, அதற்கு மூன்று நினைவூட்டலும் வந்தது புதுமை என்றும் எழுதியிருந்தார். ஜெரோனிமோ என்பது மற்றவர்கள் வைத்த பெயர். தங்கள் மொழியில் அவருக்கு உள்ள பெயரையும் அங்கே யாராவது ஒருவர் தெரிந்து வைத்திருந்தால் நல்லது என்று அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். பிறகு ஒரு வரி. குளத்தில் தண்ணீர் குளிருமா? கடைசியாக, படிவத்தில் நான் கோடிட்டு விட்டிருந்த இடத்தில், ஆட்சேபனை இல்லை, பேருந்து நிற்கட்டும்.

"திரும்ப வாசிங்க," என்றார் கடைக்கார அம்மா.

வாசித்தேன்.

"கடசி வரிய மட்டும்."

வாசித்தேன். அவர் பதினொரு மாதம் முழங்காலில் நின்ற கட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேருந்தைப் பார்த்து, "எல்லாரும் எறங்குங்க! இன்னைக்கு டீ எல்லாருக்கும்!" என்று கத்தினார். முழுப் பேருந்தும் இறங்கியது. சாரதியும்கூட. முல்லைத்தீவில் இவர்களுக்காகக் காத்திருந்தவர்களிடம் நான் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

"சேர், நீங்கள் முதல்," என்றார் செயலாளர். "உங்களுக்குப் பிறகு நான்."

"தண்ணி வத்திப்போச்சுப் பிள்ளை," என்றேன்.

"துருசடியிலை கழுத்தளவு நிக்குது," என்றார் கடைக்கார அம்மா. "இப்பதான் பாத்திட்டு வாறன்."

"முதலை?"

"மாங்குளத்து ஆக்களைத் தின்னாதாம்," என்றார் நடத்துனர்.

வைத்தியரின் கடிதம் வீட்டில் இருந்தது. செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்தேன். கண்ணாடியைச் செயலாளரிடம் கொடுத்தேன். துருசுக் கட்டில் ஏறினேன். கீழே பார்க்காமல், அப்பெண் பெரிய எழுத்தில் எழுதியிருந்த பெயரை முதலில் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். பிறகு மற்றதைக் கத்திக்கொண்டு குதித்தேன். தண்ணீர் குளிரவில்லை, வெந்நீர்போல் இருந்தது. அதைப் பதிலில் எழுத வேண்டும்.

ஆனால் ஏறுவதற்கு முன்னர் முறைப்படி செய்யவேண்டிய ஒன்றைச் செய்திருந்தேன். நாற்பது வருடப் பழக்கம் கையை விடவில்லை. கடைக்கார அம்மாவின் மேசையில் கடிதத்தை விரித்து, வலது மேல் மூலையில் எழுதிக் கையொப்பமிட்டேன். நடத்துனர் தோளுக்கு மேலால் திகதியை எட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா வீட்டிலை இண்டைக்குத் திருநாள்," என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெறப்பட்டது: செப்டெம்பர் 30.